கம்பளி மணியில் மடிப்பு விழுவது ஏன்?

கேள்வி: கைவினைக் குழுப் பயிற்சியில் மெரினோ கம்பளியை சோப்புத் தண்ணீரில் நனைத்து மாலைக்கான மணிகள் உருட்டுகிறோம். பாதி மணிகளில் மூளை மாதிரி மடிப்பு விழுகிறது. ஊசியால் சரிசெய்ய முடியுமா? எல்லாம் ஒரே அளவாக வர என்ன வழி?

பதில் 1: அவசரப்பட்டு அழுத்துவதுதான் காரணம். மணியின் மேல்தோல் இறுகும் முன் அழுத்தினால் உள்ளே தளர்வான கம்பளி மடிந்துகொள்ளும். மெல்லிய இழைகளாகப் பிய்த்து, திசை மாற்றி மாற்றி உலர்வாகவே இறுக்கிச் சுற்றுங்கள். பிறகு சூடான தண்ணீரில் நனைத்து, முதல் 3 நிமிடம் உள்ளங்கையில் எடையே இல்லாதது போல உருட்டுங்கள். தோல் பிடித்தபிறகு அழுத்தத்தைக் கூட்டலாம். சோப்பு சில சொட்டு போதும். நுரை பொங்கினால் இழைகள் வழுக்கும், பின்னாது. அளவுக்குத் தராசுதான் வழி: 2 செ.மீ. மணிக்குச் சுமார் 1 கிராம்.

பதில் 2: மடிப்பு ஆழமில்லையென்றால் சரிசெய்யலாம். மெல்லிய இழையைக் குறுக்கே போர்த்தி, ஸ்பான்ஜ் துண்டின்மேல் வைத்து 38ஆம் எண் ஃபெல்டிங் ஊசியால் (கம்பளி இழைகளைக் குத்திப் பின்னவைக்கும் முள் ஊசி) குத்தி, மறுபடி நனைத்து உருட்டுங்கள். ஊசி போன கோட்டிலேயே வெளியே வரவேண்டும். சாய்த்தால் முனை உடைந்து உள்ளேயே தங்கிவிடும்.

பதில் 3: சில மணிகள் மட்டும் எவ்வளவு உருட்டியும் இறுகவில்லையா? அது மெஷினில் துவைக்கும்படி பதப்படுத்திய கம்பளியாக இருக்கும். இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள உதவும் செதில்கள் மழுங்கியிருப்பதால் பின்னவே பின்னாது. கடைசி அலசலில் ஒரு ஸ்பூன் வினிகர் விட்டால் சோப்பின் காரம் போகும். கோர்ப்பது நன்றாகக் காய்ந்தபிறகுதான்.