கொக்குவில் பெரியவீடு: குடும்பக் குழு

பெரியம்மா (யாழ்ப்பாணம்): அம்மாவுக்கும் எனக்கும் விசா கிடைத்துவிட்டது. ஓகஸ்ட் 8ஆம் திகதி பாரிஸில் இறங்குகிறோம். அம்மா கேட்பது ஒன்றுதான்: கடற்கரையில் எல்லாப் பிள்ளைகளோடும் நான்கு நாள் இருக்க வேண்டுமாம்.

வசந்தி சித்தி (லண்டன்): நல்ல செய்தி அக்கா. முன்பு பேசியபடி இங்கிலாந்தின் கார்ன்வாலுக்கே போகலாம். செயின்ட் ஐவ்ஸில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன்.

சிவம் மாமா (பாரிஸ்): வசந்தி, கார்ன்வாலின் அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அம்மாவிடமும் அக்காவிடமும் இருப்பது பிரான்ஸ் கொடுத்த ஷெங்கன் விசா, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது. இலங்கைக் கடவுச்சீட்டோடு அதை மட்டும் காட்டிப் பிரித்தானியாவுக்குள் நுழைய முடியாது, அதற்கு வேறாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். உங்களுடைய பிரித்தானியக் கடவுச்சீட்டுக்கோ இங்கே 90 நாள் வரை தங்குவதற்கு விசாவே தேவையில்லை. ஆகவே ஆங்கிலக் கால்வாயைக் கடக்க வேண்டியவர்கள் நீங்கள்தான். பிரான்ஸின் வடமேற்கே பிரெத்தாஞ் (Brittany) கரையில் உள்ள சென் மாலோ (Saint-Malo) நகரில் தங்கலாம் என்பது என் யோசனை. பாரிஸின் மொன்பர்னாஸ் நிலையத்திலிருந்து கடுகதி ரயிலில் இரண்டேகால் மணி நேரத்தில் போய்ச் சேரலாம்.

வசந்தி சித்தி: எப்போதும் நாங்கள்தான் கடக்க வேண்டும். எங்கள் வீடு குடிபுகுதலுக்கு அண்ணா கடந்து வந்ததாக எனக்கு நினைவில்லை.

சுதா அத்தான் (ஸ்ட்ராஸ்பூர்க்): குடிபுகுதல் தொடங்கிவிட்டது. நான் தேநீர் போட்டுக்கொண்டு வருகிறேன்.

கவிதா (பாரிஸ்): மாமா, நீங்கள் சொல்லுங்கள். அங்கே கடலைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

சிவம் மாமா: கடலே போதும், கவிதா. நம் கசூரினாக் கடற்கரையில் கடல் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் ஒரு மீற்றர் வேறுபாடுகூட இராது. சென் மாலோவில் அது பெரிய பெருக்கு நாட்களில் 12 மீற்றரைத் தாண்டும், ஏனென்றால் ஆங்கிலக் கால்வாய்க்குள் புகும் அத்திலாந்திக் நீர் கொத்தாந்தன் குடாநாட்டில் முட்டி அந்த மூலையில் குவிகிறது. நகர மதிலுக்கு வெளியே பொன் செகூர் கடற்கரையில் 1937இல் கட்டிய கடல்நீர்க் குளம் ஒன்று இருக்கிறது. கடல் வற்றியதும் குளத்தில் மட்டும் நீர் தங்கி நிற்கும், பிள்ளைகள் நீந்துவார்கள். பெருக்கு வந்ததும் குளமே மறைந்து, குதிக்கும் மேடை மட்டும் கடல் நடுவே தனியே நிற்கும். சியோன் கடற்கரையில் அலையை உடைப்பதற்காக ஓக் மரத் தூண்களை வரிசையாக நட்டிருக்கிறார்கள். கடலைப் பார்க்க அந்த வரிசைக்குப் பின்னால் நின்றாலே போதும், அம்மா எங்கும் ஏறத் தேவையில்லை.

பெரியம்மா: அம்மாவின் முழங்காலை நினைத்ததற்கு நன்றி. அங்கே சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கவிதா: கிடைக்கும் பெரியம்மா. பக்வீட் என்ற கறுப்பு மாவில் நம் தோசைபோல மெல்லிதாகச் சுடுகிறார்கள். ஆனால் ‘கொம்ப்ளேத்’ என்று கேட்கக் கூடாது, அதில் பன்றியிறைச்சியும் முட்டையும் வரும். சீஸும் காளானும் என்று சொல்ல வேண்டும்.

சுதா அத்தான்: எனக்குப் பக்கத்து ஊரான கான்கால் போதும். கரையிலேயே சிப்பியை உடைத்து, எலுமிச்சை பிழிந்து கொடுப்பார்கள். தின்றதும் ஓட்டைக் கீழே கடற்கரையில் எறிந்துவிடலாம். வானம் தெளிந்திருந்தால் அங்கிருந்தே மடாலயம் நிற்கும் தீவான மொன் சென் மிஷேல் தெரியும்.

பெரியம்மா: தம்பி, அம்மாவுக்கு முன்னால் சிப்பிக் கதை வேண்டாம்.

கௌதம் (ரொறன்ரோ): ஓகஸ்ட் 12 அன்று வடக்கு ஸ்பெயின் கரையில் முழுச் சூரிய கிரகணம். எல்லோரும் லா கொருஞாவுக்குப் போகலாமே? அங்கே ரோமர் காலத்துக் கலங்கரை விளக்கமும் இருக்கிறது.

பெரியம்மா: கிரகண நேரத்தில் கடற்கரையா? அம்மா அறையை விட்டே வரமாட்டார்.

சிவம் மாமா: கௌதம், அன்று ஆடி அமாவாசையும்கூட. அப்பாவுக்கான விரதத்தை நான் பாரிஸில் முடிக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக் கீரிமலைத் தீர்த்தத்துக்குத்தான் போக முடியவில்லை, அந்த விரத நாளையாவது தவறவிடக் கூடாது. இன்னொன்றும் இருக்கிறது: பெரிய பெருக்கு அமாவாசை அன்றே வராது, ஒன்றரை இரண்டு நாள் பிந்தித்தான் உச்சத்தைத் தொடும். எனவே 13ஆம் திகதி புறப்பட்டால் விரதமும் முடிந்திருக்கும், கடலும் நிறைந்திருக்கும். 14ஆம் திகதி மொன் சென் மிஷேலுக்குப் போகலாம். வாகனத் தரிப்பிடம் இரண்டரைக் கிலோமீற்றர் தள்ளியிருந்தாலும் இலவசப் பேருந்து உண்டு; 2014இல் திறந்த பாலத்தின் கீழே நீர் ஓடி வருவதைப் பார்க்கலாம். மடாலயத்துக்கு ஏறத்தாழ 350 படிகள் என்பதால் அம்மாவும் அக்காவும் கீழேயே இருக்கட்டும். வழிகாட்டி இல்லாமல் ஒருவரும் மணலில் இறங்கக் கூடாது. புதைமணலும், பெருக்கு சுற்றி வளைக்கும் ஆபத்தும் உண்டு.

வசந்தி சித்தி: கார்ன்வாலிலும் இதேபோல செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்ட் இருக்கிறது. வற்றில் கல்பாதையால் நடந்தே போகலாம்.

சிவம் மாமா: இருக்கிறது, 11ஆம் நூற்றாண்டில் அதை இந்த மொன் சென் மிஷேல் துறவிகளுக்குத்தான் கொடுத்திருந்தார்கள்.

சுதா அத்தான்: சித்தி, கேட்டிருக்கவே வேண்டாம்.

கவிதா: எத்ரெத்தா வெண்பாறைகளை விட்டுவிட்டோமா? ஓவியர் மோனே வரைந்த அந்தப் பாறை வளைவை நான் பார்க்க வேண்டும்.

சிவம் மாமா: அது நோர்மண்டியின் மறுபக்கம். கரையும் கூழாங்கல், அம்மாவால் நடக்க முடியாது. ஒரு பகலில் பாரிஸிலிருந்தே போய்வரலாம். கையில் நேரம் மிஞ்சினால் மேற்கே புளுமானாக்கின் இளஞ்சிவப்புக் கருங்கல் கரைக்குப் போவதுதான் நல்லது. சுமார் 300 மில்லியன் ஆண்டுப் பழமையான பாறைகள் அவை. சுங்கக் காவலர்கள் கடத்தலைப் பிடிக்க நடந்த பாதையிலேயே நாமும் நடக்கலாம், மாலை வெயிலில் பாறை செம்பு நிறமாகும். சென் மாலோவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓட்ட வேண்டும் என்பதே தடை. மறந்துவிட்டேன், 1746இல் சென்னையைப் பிடித்த லா பூர்தொனே பிறந்ததும் சென் மாலோவில்தான். சென்னையைத் திருப்பிக் கொடுப்பதா வைத்திருப்பதா என்று அவருக்கும் புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேக்கும் வந்த சண்டை…

சுதா அத்தான்: மாமா, வாகனம் யார் எடுப்பது? போன பயணத்தின் வாடகைக் கணக்கே இன்னும் முடியவில்லை.

வசந்தி சித்தி: முடியாதது யாருடைய பங்கு என்று இந்தக் குழுவுக்கே தெரியும்.

கவிதா: சாதாரண உரிமப்பத்திரத்தில் ஓட்டுநர் உட்பட ஒன்பது பேர்தான் ஏறலாம். நாங்கள் பதினொரு பேர். கௌதம் வருகிறானா என்று அவனே சொல்லவில்லை.

கௌதம்: கிரகணத்தைப் பார்த்துவிட்டு ஸ்பெயினிலிருந்து நேரே வந்து சேர்வேன் என்று நினைக்கிறேன்.

பெரியம்மா: அம்மா சென் மாலோவுக்குச் சம்மதம் சொல்லிவிட்டார். ஆனால் வசந்தி வராமல் தானும் போகமாட்டாராம்.

சிவம் மாமா: வீட்டுக்கு முற்பணம் கட்டட்டுமா? ஓகஸ்ட் நடுப்பகுதியில் பிரான்ஸ் முழுவதும் விடுமுறையில் இருக்கும், இன்னும் தாமதித்தால் மதிலுக்குள் இடம் கிடைக்காது.

வசந்தி சித்தி: போர்ட்ஸ்மத்திலிருந்து சென் மாலோவுக்கு இரவுக் கப்பல் ஓடுகிறது. எங்கள் காரை அதில் ஏற்றினால் உங்களுக்கும் இரண்டு இருக்கை மிஞ்சும். இவரிடம் கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன். அதுவரை செயின்ட் ஐவ்ஸ் வீட்டை நான் விடப்போவதில்லை.