செயின்ட் குரோய் தீவு: எந்தக் கரையிலிருந்து பார்ப்பது?

கேள்வி:
ஜூலையில் காரில் மெய்ன் மாநிலத்தின் வடகிழக்கு மூலை வரை போகிறோம். அமெரிக்க-கனடா எல்லை ஆற்றில், 1604-இல் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறிய செயின்ட் குரோய் தீவுக்குப் படகு உண்டா? அமெரிக்கக் கரையா, கனடாக் கரையா, எது தேவலை?

பதில் 1:
படகு கிடையாது. மொத்தமே ஆறரை ஏக்கர், அதுவும் கரைந்துகொண்டே இருக்கிறது, கல்லறைகள் வேறு. இறங்க வேண்டாம் என்பதே பூங்காத் துறையின் பேச்சு. கேலஸ் ஊரிலிருந்து ரூட் 1-இல் தெற்கே எட்டு மைல் போனால் அமெரிக்கப் பக்கத்து இடம் வரும். கட்டணம் இல்லை. நடைபாதை சிறியது, வழியில் பிரெஞ்சுக்காரர், அந்தப் பகுதிப் பழங்குடிகளான பாசமகுவாடி மக்களின் வெண்கலச் சிலைகள், குடியிருப்பின் வெண்கல மாதிரி. மாதிரியை நன்றாகப் பார்த்துவிட்டுத் தீவைப் பாருங்கள். இப்போது அங்கே ஒரு கட்டடமும் இல்லை, மாதிரியைப் பார்க்காமல் போனால் வெறும் மரக்கூட்டம்தான் தெரியும். ஒரு மணி நேரம் தாராளம்.

பதில் 2:
படம் எடுப்பதென்றால் மெய்ன் கரைக்கு மாலை, கனடாக் கரையில் தீவுக்கு எதிரே இருக்கும் பேசைடுக்குக் காலை. வெயில் முதுகுப்பக்கம் இருக்கும். தொலைநோக்கி அவசியம். இன்னொன்று, கைபேசி கனடா கோபுரத்தைப் பிடித்தால் கடிகாரம் ஒரு மணி முன்னே ஓடிவிடும், ரோமிங் கட்டணமும் ஏறும். நேர மண்டலத்தைக் கையால் பூட்டிவிடுங்கள்.

பதில் 3:
குடியேற ஒரு தீவை ஏன் பிடித்தார்கள் என்று கேட்டால், எதிரி வந்தால் பீரங்கியால் தடுக்கலாம் என்ற கணக்கு. குளிரைக் கணக்கில் எடுக்கவில்லை. அக்டோபர் 6-லேயே பனி விழுந்தது. ஆற்றில் பனிப்பாளங்கள் ஓதத்தோடு மேலும் கீழும் அலைந்ததால் கரைக்குப் போக முடியாமல் விறகும் நல்ல தண்ணீரும் அற்றுப்போயின. ஆப்பிள் மது உறைந்து, பவுண்டு கணக்கில் நிறுத்துக் கொடுத்தார்கள் என்று அந்தக் குழுவில் இருந்த ஷாம்ப்ளேன் எழுதியிருக்கிறார். உப்புக்கண்டமே சாப்பாடு, வைட்டமின் சி இல்லை. அந்தக் குறையால் வரும் ஸ்கர்வி நோயில் 79 பேரில் 35 பேர் போய்விட்டார்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இந்தியப் பாஸ்போர்ட்தான். அப்படியே பேசைடும் பார்த்துவிடலாமா?

பதில் 1:
அமெரிக்க விசா மட்டும் இருந்தால் கனடாவுக்குள் விடமாட்டார்கள், தனி விசா வேண்டும். பேசைடுக்காக மட்டும் அதை வாங்குவது வீண், அதே தீவுதான். விசா எடுத்தால் நோவா ஸ்கோஷியாவின் போர்ட் ராயல் வரை போங்கள். பிழைத்தவர்கள் 1605-இல் வீடுகளின் மரச்சட்டங்களைக் கழற்றி எடுத்துப்போன இடம். 1939–40-இல் மறுபடி கட்டிய குடியிருப்புக்குள்ளேயே நடக்கலாம். நியூ பிரன்ஸ்விக்கின் செயின்ட் ஜானிலிருந்து நோவா ஸ்கோஷியாவின் டிக்பிக்குக் கார் ஏற்றும் கப்பல், இரண்டரை மணி நேரம். ஜூலையில் முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள்.