குற்றப் புள்ளிகளைப் பார்த்து வீடு பிடித்த கதைகள்

குற்ற வரைபடத்தையும் எண்களையும் நம்பி வீடு பார்த்த நான்கு பேர் ஆளுக்கொன்றாக எழுதியவை.

லண்டன், ஈஸ்ட் ஹாம்

கோயம்புத்தூரிலிருந்து 2019 கடைசியில் லண்டனுக்கு மாற்றலாகி வந்தோம். ஆபீஸ் கேனரி வார்ஃபில். வாடகைக்கு ஈஸ்ட் ஹாம் பக்கம் இரண்டு வீடு பார்த்து வைத்திருந்தேன். ஒன்று கடைத்தெருவை ஒட்டியது, இன்னொன்று ரயில் பாதைக்குப் பின்னால் அமைதியான தெருவில். வாடகையில் பெரிய வித்தியாசம் இல்லை.

கூட வேலை பார்ப்பவர், "போலீஸ்.யூகே தளத்தில் போஸ்ட்கோடைப் போட்டுப் பாருங்க" என்றார். 2011-லிருந்தே இருக்கிறதாம். மாதவாரியாக, தெருவாரியாகக் குற்றங்களை வரைபடத்தில் வட்டம் போட்டுக் காட்டும். அமைதியான தெருவைச் சுற்றி வட்டமே இல்லை. கடைத்தெரு வீட்டுக்குப் பக்கத்தில் மட்டும் பெரிய வட்டம், உள்ளே இரண்டு இலக்கத்தில் எண். மனைவி எட்டிப் பார்த்தாள். அதற்கு மேல் பேச்சே இல்லை, அமைதியான தெருவுக்கே அட்வான்ஸ் கொடுத்தோம்.

ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வர ரயில் சுவரை ஒட்டி ஒரு சந்து. ஒரே ஒரு விளக்கு, அதுவும் எரியாது. அவளுக்கு வேலை முடிய இரவு ஒன்பது மணி ஆகும். சந்து முனை வந்ததும் எனக்கு போன் போடுவாள், கதவைத் திறக்கும்வரை பேசிக்கொண்டே வருவாள். அங்கே எதுவும் நடந்ததில்லை என்பது உண்மைதான். ஆளே நடக்காத இடத்தில் யாரிடம் பறிப்பான்?

பிறகு நிதானமாக அந்தப் பெரிய வட்டத்தைத் தட்டிப் பார்த்தேன். "சூப்பர்மார்க்கெட்டில் அல்லது அதன் அருகில்" என்று போட்டிருந்தது. முக்கால்வாசி கடைத் திருட்டு. நேரில் போனால் ஷேவிங் பிளேடையும் குழந்தைப் பால்பவுடரையும் பூட்டுப் போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். நான் பயந்த குற்றம் அதுதான். கடை வாசலில் ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம், பஸ்ஸுக்கு நிற்கும் ஆட்கள், முருங்கைக்காய் பொறுக்கும் அம்மாக்கள்.

இன்னொரு விஷயமும் அப்போதுதான் படித்தேன். வரைபடத்தில் புள்ளி இருக்கும் இடம் குற்றம் நடந்த வாசல் அல்ல. யார் வீடு என்று தெரியக்கூடாது என்பதற்காக, முன்கூட்டியே குறித்து வைத்த பொது இடங்களில் எது பக்கமோ அங்கே கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். ஒரு புள்ளியின் எல்லைக்குள் குறைந்தது எட்டு முகவரி இருக்கும், இல்லாவிட்டால் ஒன்றுகூட இருக்காது. நான் என்னவோ வாசல் வாசலாக எண்ணிக்கொண்டிருந்தேன்!

ஒப்பந்தம் முடிந்ததும் கடைத்தெருப் பக்கமே வந்துவிட்டோம்.

சிகாகோ

எனக்கு நேர்ந்தது வகுத்தல் கோளாறு. சிகாகோ மாநகரம் 2001 முதல் பதிவான குற்றங்களைத் திறந்த தரவாகவே வைத்திருக்கிறது. கடைசி 7 நாள் மட்டும் இருக்காது, முகவரியும் இன்ன பிளாக் என்ற அளவோடு சரி. ஐடிக்காரனுக்கு இது கிடைத்தால் சும்மா இருப்பானா? ஊரின் 77 பகுதிகளையும் எக்செல்லில் போட்டு, மக்கள்தொகையால் வகுத்து, தரவரிசையே தயாரித்துவிட்டேன்.

அதில் நகர மையமான லூப் பகுதி படு மோசமாக வந்தது. என் ஆபீஸே லூப்பில்தான்! யோசித்தால் புரிந்தது. 2020 கணக்கெடுப்பின்படி அங்கே குடியிருப்பவர்கள் ஏறக்குறைய 42,000 பேர். பகலில் வேலைக்கும் கடைக்கும் வருபவர்கள் லட்சக்கணக்கில். கோடையில் கிராண்ட் பார்க்கில் இசைவிழா வேறு. வந்து போகிறவன் பறிகொடுத்த போனையெல்லாம் குடியிருப்பவன் கணக்கில் எழுதினால் வேறு எப்படி வரும்? தேர்க் கூட்டத்தில் அறுந்த சங்கிலிகளைத் தேரடித் தெருக்காரர்கள் தலையில் கட்டுகிற மாதிரி.

சென்னை

அண்ணன்மார் இருவருக்கும் எண்கள் அதிகம் வந்து பிரச்சினை. எனக்கு எண்ணே வரவில்லை.

மதுரையிலிருந்து 2018-ல் வேலைக்கு வந்தவள் நான். வந்த மூன்றாம் மாதம் பைக்கில் வந்த இரண்டு பேர் கையிலிருந்த போனைப் பறித்துக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனில் எழுத்தர் பொறுமையாகத்தான் பேசினார். "பறிச்சாங்கன்னு எழுதினா கோர்ட்டு, கேஸுன்னு அலையணும்மா. தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடு, சிஎஸ்ஆர் போட்டுத் தர்றேன். சிம் வாங்க அது போதும்." சிஎஸ்ஆர் என்பது புகார் வாங்கியதற்கான ரசீது மட்டும்தான். களைப்பில் நானும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். அதோடு சரி. எஃப்ஐஆர் இல்லையென்றால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் அந்தச் சம்பவம் இல்லை. அறிக்கையிலேயே, பதிவு கூடுவதும் குற்றம் கூடுவதும் ஒன்றல்ல என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு எந்த ஊர் முதலிடம் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களை என்ன சொல்ல?

அதுவும் ஊர் அளவில்தான். 20 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள பெருநகரங்களுக்குத் தனி அட்டவணை உண்டு. வேளச்சேரியா மேடவாக்கமா என்றால் அதில் பதில் கிடையாது.

அடுத்த வீடு பார்க்கப் போனபோது தெருமுனையில் இஸ்திரி வண்டிக்கார அக்காவிடம் கேட்டேன். கரிப்பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, "இந்தப் பக்கம் பயமில்ல பாப்பா. அந்த ரெண்டாவது தெருவுல மட்டும் பாரு, எல்லாப் பொம்பளைங்களும் முந்தானையைக் கழுத்தோட போத்திக்கிட்டுதான் நடப்பாங்க" என்றார். மாலையில் போய் நின்று பார்த்தேன். அப்படித்தான் நடந்தார்கள்.

லண்டன், ஹாரோ

ஈஸ்ட் ஹாம் தம்பி புள்ளியைப் பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். நாங்கள் யாழ்ப்பாணம். ஹாரோவுக்கு வந்து பதினெட்டு வருஷம். லண்டனில் குற்ற விகிதம் குறைந்த பரோக்களில் (உள்ளாட்சிப் பகுதிகளில்) இதுவும் ஒன்று, பிள்ளைகளுக்காக அதைப் பார்த்துத்தான் இங்கே வந்தோம். அதில் பிழை இல்லை.

ஆனால் எங்கட ஆட்களின் வீட்டில் தங்கம் இருக்கும் என்பது கள்வருக்கும் தெரியும். தீபாவளி கிட்ட வந்தால் பொலிஸே நகை கவனம் என்று அறிவித்தல் விடும். அந்தக் கணக்கு ஊர் சராசரியில் தெரியாது. 2022-ல் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் வந்து பார்த்தால் பின்கதவு உடைத்துக் கிடந்தது. டிவி அப்படியே இருந்தது, லேப்டாப்பையும் தொடவில்லை. குசினியில் அரிசி வாளியைக் கவிழ்த்திருந்தார்கள், சாமித்தட்டில் படங்களைத் திருப்பிப் பார்த்திருந்தார்கள். என்ர மனுசி அரிசியைக் கூட்டி அள்ளிக்கொண்டே அழுதா. அம்மாவின் தாலிக்கொடியும் போய்விட்டது.

இரண்டு மாதம் கழித்து வரைபடத்தில் பார்த்தேன். எங்கள் களவு அடுத்த தெருவில் ஒரு புள்ளியாக இருந்தது. பக்கத்தில், "விசாரணை முடிந்தது, சந்தேக நபர் அடையாளம் காணப்படவில்லை."