ஸ்டாப்பே இல்லாத இடத்தில் 31 பேர் பஸ் ஏறியது எப்படி?

வரைபடப்பைத்தியம்:
முதுகலை ப்ராஜெக்டுக்காக ஒரு டவுன் பஸ் தடத்தின் ஒரு வாரத் தரவு கிடைத்தது (ஊர் பெயர் வேண்டாமே). ஒன்று, வண்டியில் இருக்கும் ஜி.பி.எஸ். பத்து விநாடிக்கு ஒருமுறை அனுப்பிய இடப்பதிவு. மற்றொன்று, கண்டக்டரின் டிக்கெட் மெஷின் பதிவு: அடித்த நேரம், ஏறிய ஸ்டேஜ் (கட்டணக் கணக்குக்காகச் சில ஸ்டாப்புகளைச் சேர்த்த பகுதி), இறங்கும் ஸ்டேஜ், ரூபாய். கார்டு தட்டுவதும் அதே மெஷினில்தான். இரண்டையும் நேரத்தை வைத்துக் கோத்தால் எந்த ஸ்டாப்பில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று தெரிந்துவிடும் என நினைத்தேன்.

முதல் நாள், காலை 9 மணி டிக்கெட்டெல்லாம் பிற்பகல் 2.30-க்கு பஸ் இருந்த இடத்தில் போய் விழுந்தன. ஜி.பி.எஸ். கிரீனிச் நேரத்தில் எழுதுகிறது, மெஷின் நம்மூர் நேரத்தில். சரி, அது என் அசட்டுத்தனம், திருத்திவிட்டேன்.

இப்போதைய தலைவலி வேறு. காலை 8.40 நடையில் பஸ் ஒரு மரக்கடை எதிரே மூன்று நிமிடம் அசையாமல் நிற்கிறது. அங்கே ஸ்டாப் கிடையாது, சிக்னல் கிடையாது. நேரில் போயே பார்த்தேன். திங்கட்கிழமை அந்த மூன்று நிமிடத்தில் 31 டிக்கெட். மற்ற நாட்களிலும் ஏறக்குறைய இதே கதை. ஜி.பி.எஸ். பிழையா, மெஷின் கடிகாரம் பிந்துகிறதா?

பைமாட்டியவன்:
தம்பி, இரண்டும் சரியாகத்தான் இருக்கிறது. மரக்கடைக்கு அடுத்த ஸ்டாப்பில் ஸ்டேஜ் மாறும், பாருங்கள். 22 வருடம் கண்டக்டராக இருந்தவன் சொல்கிறேன். டிக்கெட் எடுக்காத ஒரு ஆளோடு ஸ்டேஜைத் தாண்டி, செக்கிங் ஏறிவிட்டால் மெமோ எனக்குத்தான். அதனால் கூட்டமென்றால் ஒரு விசில் கொடுத்து வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, எல்லோருக்கும் டிக்கெட் போட்டு, ஸ்டேஜை மாற்றிவிட்டுத்தான் இரண்டு விசில்.

பின்படிக்கட்டில் ஏறியவர் கொடுத்த பத்து ரூபாய் ஆறு கை மாறி என்னிடம் வருவதற்குள் ஒரு ஸ்டாப் போய்விடும். மெஷினில் இருப்பது நான் அடித்த நேரம், அவர் ஏறிய நேரம் அல்ல. இறங்கும் ஸ்டேஜையும் அப்படியே நம்பாதீர்கள். பலர் இடம் சொல்ல மாட்டார்கள், "ஒரு பத்து" என்பார்கள். பத்து ரூபாய்க்கு எது கடைசியோ அதை அடித்துக் கொடுப்போம்.

குளிரூர்க்காரன்:
லண்டனில் இதே மாதிரித் தரவோடு மாரடிக்கிறேன். பெரியவர் சொன்னதைப் படித்ததும் கொஞ்சம் பொறாமை. இங்கே 2014 ஜூலையிலிருந்து பஸ்ஸில் காசே வாங்குவதில்லை. ஓட்டுநர் பக்கத்தில் ஆய்ஸ்டர் என்ற பயண அட்டையையோ வங்கி அட்டையையோ தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், ஆகவே தட்டிய நேரமே ஏறிய நேரம். ஆனால் எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், இறங்கும்போது தட்டுவதில்லை. இறங்கிய இடத்தை ஊகிக்கத்தான் வேண்டும்: அதே அட்டை அடுத்து எங்கே தட்டப்பட்டதோ, அதற்குப் பக்கத்து ஸ்டாப்பில் இறங்கியிருப்பார். நாளின் கடைசிப் பயணமென்றால், காலையில் முதலில் ஏறிய இடத்துக்கு அருகில். நாள் முழுக்க ஒரே ஒரு தடவை தட்டியவர் விஷயத்தில் கைவிரிக்க வேண்டியதுதான். சிங்கப்பூரில் தூரத்துக்கு ஏற்பக் காசு, இறங்கும்போதும் தட்டுகிறார்கள். அவர்களுக்கு இந்தப் பாடே இல்லை.

காகித டிக்கெட் யாருடையது என்று தெரியாது, அதை வைத்து இப்படிச் சங்கிலி கோக்க முடியாது. ஆனால் உங்களிடம் ஸ்டேஜ் இருக்கிறது. 31 பேரையும் மரக்கடையில் ஏற்றாமல், அந்த ஸ்டேஜுக்குள் பஸ் நின்ற ஸ்டாப்புகளுக்கு, நின்ற விநாடிகளுக்கு ஏற்பப் பங்கிடுங்கள். அப்புறம் ஒருநாள் ஏறிப் போய் எண்ணிப் பாருங்கள்.

வரைபடப்பைத்தியம்:
ஐயா, தம்பி இல்லை, பொண்ணு! நீங்கள் சொன்னபடியே அடுத்த ஸ்டாப்பில்தான் ஸ்டேஜ் மாறுகிறது. நேற்று அதே 8.40-ல் போனேன், விசிலும் கேட்டது. அந்த ஸ்டேஜில் ஏறியவர்கள் 29 பேர்: பள்ளிக்கூட ஸ்டாப்பில் 12, சந்தை ஸ்டாப்பில் 17. நேற்றைய பதிவையும் வாங்கிப் பங்கிட்டுப் பார்த்தால் 8, 21 என்று வருகிறது. சந்தையில் ஒரு அம்மா இரண்டு பூக்கூடை ஏற்றினார், பஸ் அதற்காகக் காத்து நின்றது. கணக்கு கூடையையும் ஆளாக எண்ணிவிட்டது.

இன்னும் ஒன்று மிச்சம். வியாழக்கிழமை பஸ் காலை முழுக்க டிப்போவில் நிற்கிறது, டிக்கெட் மட்டும் விழுந்துகொண்டே இருக்கிறது.

பைமாட்டியவன்:
வண்டியில் ஏதாவது கோளாறு இருந்திருக்கும், ஸ்பேர் வண்டி எடுத்துப் போயிருப்பார்கள் மகளே. மெஷின் கண்டக்டரோடு போகும், ஜி.பி.எஸ். வண்டியோடு நிற்கும். கண்டக்டரின் அன்றைய கணக்குத்தாளான வே-பில்லில் வண்டி நம்பரைக் கையால் அடித்துத் திருத்தியிருப்பார். டிப்போவில் கேளுங்கள், டீ நேரமாகப் பார்த்துப் போங்கள்.