பிக்கப்புக்கு ஹெல்பர் ஸ்பிரிங்: எதைப் போடலாம்?

வணக்கம் நண்பர்களே. என் பிக்கப்பில் வாரத்தில் நாலு நாள் சிமெண்ட் மூட்டையும் கம்பியும் ஏற்றுகிறேன். எடை அனுமதித்த அளவுக்குள்தான். ஆனாலும் பின்பக்கம் நன்றாக உட்கார்ந்துவிடுகிறது. முன்பக்கம் தூக்குவதால் ஸ்டீயரிங் லேசாகிவிடுகிறது. இரவில் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கிறது. பள்ளத்தில் இறங்கினால் ஆக்சில் மேலே வந்து பம்ப் ஸ்டாப்பில் (ஆக்சில் சேஸிஸில் மோதாமல் தடுக்கிற ரப்பர் கட்டை) போய் இடிக்கிறது. அதனால் பின்பக்க ஸ்பிரிங்குக்குத் துணையாக ஹெல்பர் ஸ்பிரிங் போடலாம் என்று நினைக்கிறேன்.

லீஃப் ஸ்பிரிங்கில் (இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்) ஒரு பட்டை கூடுதலாகப் போடலாம் என்கிறார் மெக்கானிக். செலவு குறைவு, நன்றாக உழைக்கும். ஆனால் காலியாகப் போகும்போது தூக்கிப் போடுமே! மீதி நாட்களில் வீட்டுப் பெரியவர்கள் ஏறுகிற வண்டி இது. ஏர் ஸ்பிரிங் (காற்று அடைத்த பை) என்றால் லோடுக்கு ஏற்றபடி காற்றைக் கூட்டிக் குறைக்கலாம். நடுவழியில் காற்று இறங்கிவிட்டால்? லோடு ஏறிய பிறகு மட்டும் வேலை செய்கிற ரப்பர் ஸ்பிரிங் யாராவது போட்டிருக்கிறீர்களா?

எதைப் போட்டாலும் ஆக்சில், டயர், பிரேக் தாங்கும் எடையின் அளவு அதிகமாகிவிடாது என்பது தெரியும். கூடுதலாக ஏற்றுகிற எண்ணம் இல்லை, வண்டி சமமாக நின்றால் போதும்.

ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், இப்போது இருக்கிற பட்டைகளே தளர்ந்திருக்குமோ? அதை எப்படிக் கண்டுபிடிப்பது?