இடது சைலன்சரில் மட்டும் புகை

சனிக்கிழமை

அண்ணன்: (வீடியோ) மாமா, அப்பாவின் ஹோண்டா சீடி 125 மோட்டார் சைக்கிளைப் பாருங்க. இரண்டு சிலிண்டர் இருந்தும் இடது சைலன்சரில் மட்டும் நீலப் புகை. கராஜ் பாஸ் பிஸ்டன் ரிங் செட் போட்டால் சரிவரும் என்கிறார். போடச் சொல்லவா?

கல்லடி மாமா: பொறுங்க மருமகன். நீலப் புகை என்றால் எஞ்சின் ஒயில் உள்ளே போய் எரிகிறது. புகை எப்போது வருகிறது? காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் வந்து அடங்குகிறதா, ஓடும்போதும் வருகிறதா?

அண்ணன்: ஓடும்போதும்தான். கல்லடிப் பாலத்தில் ஆக்சிலேட்டர் கொடுத்து ஏறினால் கூடுகிறது.

கல்லடி மாமா: இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் ஒருமுறை புகைத்துவிட்டு அடங்கினால் வால்வ் சீல், வால்வ் தண்டில் ஒயிலைத் தடுக்கிற ரப்பர். ஆக்சிலேட்டரை விட்டு ஓடவிட்டு, திரும்பக் கொடுக்கும்போது குபீரென்று வந்தால் அநேகமாக வால்வ் கைடு, வால்வ் தண்டு ஓடுகிற குழாய். இழுக்கும்போது விடாமல் வந்தால் ரிங்கும் சிலிண்டரும்தான். சத்தம் எப்படி?

அப்பா: காலையில் டக் டக் என்று அடிக்கிறது மச்சான். செங்கலடிச் சந்தி தாண்டும்போது குறைந்துவிடும்.

கல்லடி மாமா: அப்படியென்றால் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி கூடியிருக்க வேணும் அத்தான். சூடானதும் பிஸ்டன் விரிந்து இடைவெளி சுருங்குவதால் சத்தம் குறைகிறது. மருமகன், எஞ்சினைச் சூடாக்கி இரண்டு பிளக்கையும் கழற்றுங்க. ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டு சிலிண்டர் அழுத்தம் பார்க்கிற கம்ப்ரெஷன் கேஜ் வைத்துக் கிக் அடியுங்க. பிறகு சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு இன்னொரு தரம்.

அண்ணன்: வலது 140 பீஎஸ்ஐ. இடது 90. ஒயில் விட்ட பிறகு இடது 125.

கல்லடி மாமா: ஒயில் ரிங்கைச் சுற்றி அடைத்ததும் ஏறிவிட்டது பாருங்க. வால்வ் கசிந்தால் இப்படி ஏறாது. சரி, பிரித்துவிடுங்க. ரிங் வாங்க வேண்டாம் இன்னும்.

சின்னக்கா: ரிங் மட்டும் போட்டால் என்ன மாமா? செலவு குறையுமே.

கல்லடி மாமா: மகள், தேய்ந்த சிலிண்டர் வட்டமாக இருக்காது. மேலே, முதல் ரிங் திரும்புகிற இடத்தில்தான் கூடத் தேயும். அங்கே அழுத்தமும் சூடும் அதிகம், பிஸ்டன் ஒரு கணம் நிற்பதால் ஒயில் படலமும் மெலிந்துவிடும். அந்தப் பள்ளத்துக்குள் புதிய ரிங் ஒவ்வொரு அடிக்கும் விரிந்து சுருங்கி வேலை செய்ய வேணும். கொஞ்ச நாளில் பழையபடி புகைக்கும். அதைவிட மோசம், சிலிண்டர் விளிம்பில் தேயாமல் நிற்கிற படியில் புதிய ரிங்கின் கூர் முனை இடித்து உடையலாம். உடைந்தால் பிஸ்டனும் போகும். பிறகு எங்கே செலவு குறைகிறது?

ஞாயிற்றுக்கிழமை

அண்ணன்: (படம்) பிரித்தாயிற்று. இடது பிஸ்டனில் ஒயில் ரிங் கரி பிடித்து இறுகிக் கிடக்கிறது. சிலிண்டரின் மேல் விளிம்பில் நகம் தட்டுகிறது. சிலிண்டரின் உள்விட்டம் அளக்கிற போர் கேஜ் பாஸிடம் இல்லை.

கல்லடி மாமா: இடைவெளி அளக்கிற தகடுகள், ஃபீலர் கேஜ், இருந்தால் போதும். மேல் ரிங்கைக் கழற்றிச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளுங்க. சரிந்தால் கணக்குப் பிழைக்கும். விளிம்பிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் கீழே ரிங்கின் வாய், அதாவது இரண்டு முனைக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து பாருங்க. பிறகு அதே ரிங்கை ரிங் ஓடாத அடிப்பகுதிக்குத் தள்ளி அங்கேயும் அளந்து பாருங்க.

அண்ணன்: இடது மேலே 0.65, கீழே 0.35. வலது மேலே 0.40, கீழே 0.35.

கல்லடி மாமா: வித்தியாசத்தை 3.14 ஆல் பிரியுங்க. ரிங்கின் வாய் சுற்றளவோடு சேர்ந்து விரிவதால் விட்டம் எவ்வளவு கூடியது என்று தெரிந்துவிடும். இடதில் 0.30, அதாவது ஏறக்குறைய 0.10 மில்லிமீற்றர் தேய்வு. வலதில் 0.02கூட இல்லை. இப்படியான சின்ன ஹோண்டா எஞ்சினில் பிஸ்டன் இடைவெளி புதிதில் பொதுவாக 0.01 முதல் 0.04 வரை. 0.10 வந்தால் எல்லை முடிந்தது. உங்களுக்குச் சிலிண்டர் தேய்வே 0.10, பிஸ்டன் தேய்வையும் சேர்த்தால் தாண்டியிருக்கும்.

அப்பா: விற்கச் சொல்கிறார்கள் மச்சான். வெள்ளாண்மைக் காலம், வயலுக்குப் போக எனக்கு வண்டி வேணும்.

கல்லடி மாமா: விற்க வேண்டாம் அத்தான். சிலிண்டரின் உள்விட்டம், போர், 44 மில்லிமீற்றர். பெரிதாக்கி வெட்டிப் போடுகிற பிஸ்டனின் முதல் ஓவர்சைஸ் 0.25. இந்தத் தேய்வை அதிலேயே எடுத்துவிடலாம். இரண்டு சிலிண்டரையும் ஒரே அளவுக்கு வெட்ட வேணும், வலது நல்லாயிருந்தாலும்தான். இரண்டு பிஸ்டனும் ஒன்றாகவே ஏறி இறங்கும் எஞ்சின் இது, அளவும் பாரமும் ஒத்திருக்க வேணும். மருமகன், முதலில் பிஸ்டனை வாங்கிக் கையில் எடுத்துக்கொண்டு லேத்துக்குப் போங்க. டப்பாவில் அச்சிட்ட அளவை நம்பி வெட்ட விடாதீங்க. பிஸ்டன் பின்னுக்குக் குறுக்கே, ஸ்கர்ட் என்கிற பிஸ்டனின் கீழ்ப்பகுதியின் அடியிலிருந்து 10 மில்லிமீற்றர் மேலே மைக்ரோமீற்றர் வைத்து அளந்து, அதற்கு மேல் இடைவெளி விட்டு வெட்டச் சொல்லுங்க. வெட்டி முடிந்ததும் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் இரண்டு பக்கமாக போர் கேஜ் வைத்து உங்கள் கண் முன்னே காட்ட வேணும்.

அண்ணன்: சரி மாமா. கழுவ பெட்ரோல் போதுமா?

கல்லடி மாமா: போதாது. சுடுதண்ணியும் சவர்க்காரமும் போட்டுப் பிரஷ்ஷால் தேயுங்க. ஹோன் பண்ணிய, அதாவது கல்லால் தேய்த்த தூள் சுவரில் ஒட்டியிருக்கும், பெட்ரோல் அதைத் தூக்காது. வெள்ளைத் துணியால் துடைத்துச் சாம்பல் நிறம் வருவது நிற்கும் வரைக்கும் விடாதீங்க. காய்ந்ததும் உடனே ஒயில் பூசுங்க, உப்புக்காற்றில் துரு பிடித்துவிடும். ஆ, எயார் ஃபில்டரிலிருந்து காபரேட்டருக்கு வரும் ரப்பரை மடித்துப் பார்த்தீங்களா?

அண்ணன்: (படம்) அடியில் வெடித்திருக்கிறது. வெளியே தெரியவில்லை.

கல்லடி மாமா: படுவான்கரைக் கிரவல் வீதித் தூசு முழுக்க அதால்தான் உள்ளே போயிருக்கிறது. ஒயிலோடு கலந்தால் தேய்க்கும் மணல்தான் அது. இதை மாற்றாமல் போர் வெட்டினால் காசைத் தண்ணியில் போடுகிற மாதிரி. ரப்பர் கிடைக்காமல் எஞ்சினைப் பூட்டவே வேண்டாம்.

சின்னக்கா: நாளை கல்முனைக்குப் போகிறேன், அங்கே கடைகளில் கேட்கிறேன். பழையதைப் பையில் போட்டுத் தா தம்பி.

அப்பா: ஃபில்டரையும் சேர்த்து வாங்கு மகள். காசு நான் தருகிறேன்.