டியூப் ஹெட்போன் ஆம்ப்: இடது பக்கம் மட்டும் ஹம்

கோத்தகிரியில் இருக்கிறேன். வீட்டில் கட்டிய ஆம்ப், சேனலுக்கு ஒரு ஈசிசி88 டியூப் (வெற்றிடக் குழாய்), பிளேட் சப்ளை சுமார் 200 வோல்ட் டிசி, 300 ஓம் ஹெட்போன். தீபாவளிக்கு முன்னாலேயே கட்டி முடித்தாச்சு, அன்றிலிருந்து இடது காதில் மட்டும் விடாமல் ஹம் என்ற இரைச்சல், வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் அதே அளவு.

டியூப்களை இடம் மாற்றிப் போட்டேன், சத்தம் இடதிலேயே நிற்கிறது. ஹீட்டருக்கு 6 வோல்ட் பேட்டரி கொடுத்தும் குறையவில்லை. ஃபில்டர் கெபாசிட்டர் புதுசு, எப்படியும் ஃபோன் ஆப்பில் 50 ஹெர்ட்ஸ்தான் காட்டுகிறது, முழு அலை ரெக்டிஃபையரின் ரிப்பிள் (டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) என்றால் 100 அல்லவா வர வேண்டும். மலை ஈரம் என்கிறார் அண்ணன், நல்ல வெயிலிலும் இரையத்தான் செய்கிறது.

டிரான்ஸ்பார்மர் இடது டியூபை ஒட்டியே இருக்கிறது. அதைத் தள்ளி வைக்கப் பெரிய சேசிஸ் (ஆம்ப் பெட்டி) வாங்கக் கோவைக்கு இறங்குவதற்கு முன், இது டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலமா, எர்த் லூப்பா (எர்த் ஒயர்கள் வளையமாகி இரைச்சல் தருவது) என்று வீட்டிலேயே பிரித்துப் பார்க்க என்ன வழி?